குறித்த விலைக்கு ஒரு கோட்டு

டீச்சர் வீட்டில் ஒரு பொருளை அதன் பெயர் சொல்லி யாரும் பாராட்டியதில்லை. எத்தனை சதவீதம் என்று சொல்லித்தான் பாராட்டுவார்கள். கூடத்து சோபா நாற்பது சதவீதம். ஜன்னலைவிட ஒரு சாண் குட்டையாகத் தொங்கும் திரைச்சீலை அறுபது. பன்னிரண்டு பேர் சாப்பிடுவதற்கான தட்டுகள் எழுபது. வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பதால் அந்த எழுபதின் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. யாராவது வந்தால் அவள் கணவன் பொருளைக் காட்டமாட்டான், மிச்சம் பிடித்ததைக் காட்டுவான்.

"இவ்வளவு மிச்சம் பிடிச்சோமே, அந்தப் பணமெல்லாம் எங்கங்க?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டாள்.

"அது மேலதானே உக்காந்திருக்க," என்றான் அவன்.

அவள் சோபாவைத் தடவிப் பார்த்தாள். நடுவில் ஸ்பிரிங் இறங்கியிருந்தது. அந்த நாற்பது சதவீதம் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இந்தக் கலையில் அவர்களுக்குக் குரு, கணவனின் அக்கா. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அந்த வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் எல்லாருக்கும் அவள் கூப்பன் அண்ணி. தள்ளுபடியில் அசல் எது, வேஷம் எது என்று கண்டுபிடிப்பதற்காக வாராவாரம் கடைகளுக்குப் போய் விலைச்சீட்டுகளைப் படம்பிடித்து வருவாள். ஒருமுறை ஒரு வாணலியின் விலையை இரட்டிப்பாக்கிவிட்டு அதில் பாதியைத் தள்ளுபடி என்று போட்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "நம்மள என்ன இளிச்சவாய்னு நெனச்சுட்டானா?" என்று நாலு வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். பிறகு அந்த வாணலியையும் வாங்கிவந்தாள். என்ன இருந்தாலும் பாதி விலை, பாதி விலைதானே.

பைச் சட்டம் வகுத்தவளும் அண்ணிதான். அந்த நாட்டில் புதுக் கோட்டுகளின் பைகளைப் பெரிய பெரிய தையல் போட்டு மூடித்தான் விற்பார்கள். வாங்கியவர் அந்தத் தையலைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காதவரை கடைக்காரன் கோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வான். ஆகவே யாரும் பிரிக்கக் கூடாது என்பது அண்ணியின் கட்டளை. அடுத்த வாரம் அதே கோட்டு இன்னும் மலிவானால்? திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டாமா? விலைச்சீட்டைக் கோட்டின் கைக்குள் மடித்துவிட்டு, பையைப் பிரிக்காமலே போட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் என்பது அடுத்த வருடமாகும். தையல் அப்படியே இருக்கும். குளிர்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் நம்மவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பை வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கையை அக்குளில் இடுக்கியபடி நிற்பார்கள்.

டீச்சரும் அப்படித்தான் நின்றாள், மூன்று குளிர்காலம். அவளுடைய கோட்டு அண்ணி தேர்ந்தெடுத்த எழுபத்தைந்து சதவீதம். ஆண்களுக்கானது, அதன் தோள் அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

டீச்சர் என்பது ஊரில் அவள் செய்த வேலை. கணக்கு டீச்சர். இங்கே வந்ததும் அவளுடைய பட்டங்களை ஓர் அலுவலகம் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இவற்றின் மதிப்பு இங்கே பாதிதான் என்று முத்திரை குத்திக் கொடுத்தது. அவள் அழவில்லை. நானும் தள்ளுபடியில் வந்த சரக்குதான் போல என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோது சிரிப்பு வந்தது. ராத்திரி படுத்தபிறகு வரவில்லை. ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் தட்டு எண்ணும் வேலை கிடைத்தது. கணக்கு தெரிந்தவள் என்று அதிலும் நல்ல பெயர். இடையில் தேர்வுகளை எழுதினாள். இப்போது வேறொரு பள்ளியில் கணக்கு டீச்சராகவே வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

மூன்று வருடமாக அவளை டீச்சர் என்று கூப்பிட்டது கணவன் மட்டும்தான், அதுவும் கிண்டலாக. திங்கட்கிழமை முதல் கிண்டல் இல்லாமல் கூப்பிடப்போகிறார்கள். அப்போது முழங்கையில் தோள் வைத்த கோட்டோடு உள்ளே நுழைய அவளுக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். மனசு என்று வந்துவிட்டால் அது பெரிய விஷயம்தான்.

பேரங்காடியின் முதல் மாடியில் கரும்பச்சையில் ஒரு கோட்டு தொங்கியது. போட்டுப் பார்த்தாள். தோள் தோளில் இருந்தது. கண்ணாடியில் தெரிந்தவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னதும் கணவன் அக்காவுக்குப் போன் போட்டான். அண்ணியிடம் அந்தக் கோட்டின் மூன்று வாரப் படங்கள் இருந்தன.

"அடுத்த வியாழக்கிழமை பாதியாகுது. அசல் தள்ளுபடி. அதுவரைக்கும் பொறுத்துக்க," என்றாள் அண்ணி.

"திங்கட்கிழமை வேணும் அண்ணி."

"திங்கட்கிழமை பழசைப் போட்டுக்க. வெள்ளிக்கிழமை புதுசு. நாலு நாள்ல அந்தப் பள்ளிக்கூடம் எங்க ஓடிடப் போகுது?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. சரி என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். அவளைப் பற்றி எப்போதும் செய்யும் தவறு அது.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் கடைசித் தட்டை எண்ணி முடித்துவிட்டு நேராகப் பேரங்காடிக்குப் போனாள். கரும்பச்சைக் கோட்டைச் சுற்றி இப்போது ஒரு கயிறு கட்டியிருந்தது. ஜனங்கள் கயிற்றுக்கு வெளியே நின்று விலைச்சீட்டைப் படித்து, பெருமூச்சு விட்டு, நகர்ந்தார்கள். டீச்சர் கயிற்றைத் தூக்கி உள்ளே போய்க் கோட்டை எடுத்தாள்.

விற்பனைப் பெண் ஓடிவந்தாள். அவள் பேசியது அந்த நாட்டு மொழிதான். ஆனால் கடைக்காரர் மரியாதை எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் வழுக்கும்.

"மேடம், அது விக்கிறதுக்கு இல்லைங்க."

"விலை போட்டிருக்கே?"

"விலை போட்டிருக்குங்க. விக்கிறதுக்கு இல்ல. இப்ப விலை ஊறிட்டிருக்கு."

"என்னது?"

"தள்ளுபடி போடணும்னா அதுக்கு முன்னாடி நாலு வாரம் முழு விலையில வெச்சிருக்கணும்னு சட்டம்ங்க. அந்த நாலு வாரமும் விலை ஊறும். நல்லா ஊறினாத்தான் குறைக்கும்போது ருசியா இருக்கும். நீங்க வியாழக்கிழமை வாங்க, பாதிக்குத் தர்றோம்."

"எனக்கு இன்னைக்கு வேணும். முழு விலை குடுத்துடறேன்."

விற்பனைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

தண்ணீர் குடித்தாகிவிட்டது. டீச்சர் மனம் மாறவில்லை. அந்தப் பெண் கோட்டைக் கல்லாவுக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் காட்டினாள். தள்ளுபடிக்கான காரணத்தைக் குறிப்பிடவும் என்றது இயந்திரம். பருவ முடிவு, சிறு சேதம், ஊழியர், பரிதாபம் என்று நாலு பொத்தான்கள் இருந்தன. காரணம் எதுவும் இல்லை என்பதற்குப் பொத்தான் கிடையாது.

"இது எதையாவது அமுக்கினாத்தான் பில் வரும்ங்க," என்ற பெண் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு பட்டனைப் பிச்சுடட்டுமா? சிறு சேதம்னு போட்டுடலாம்."

டீச்சர் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மாடி மேலாளர் வந்தார். முகத்திலேயே மன்னிப்பு வைத்திருப்பவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, டீச்சரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், எங்க நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஜனங்களுக்கு மிச்சம் பிடிச்சுக் குடுக்கறதுதான் எங்க தொழில். இதுவரைக்கும் எங்ககிட்ட யாரும் பொருள் வாங்கினதே இல்ல. மிச்சத்தைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. பொருள், அதைச் சுத்திக் குடுக்கற காகிதம் மாதிரி. நீங்க வந்து பொருளை மட்டும் கேக்கறீங்க. நாங்க எதைக் குடுக்கறது?"

"பொருளைத்தான்."

"சரிங்க. ஆனா மத்தவங்க பாப்பாங்களே. ஒருத்தர் இந்த விலைக்கு வாங்கினாங்கன்னா, அந்த விலை நிஜம்னு நினைச்சுட மாட்டாங்களா?"

"அப்ப நிஜம் இல்லையா?"

மேலாளருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "நிஜமேதாங்க. அச்சடிச்சிருக்கோமே. யாரும் குடுக்கத் தேவையில்லாத நிஜம், அவ்வளவுதான்."

இப்படி ஒரு விண்ணப்பம் தன் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லி, அவளை நாலாவது மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே அசல் விலைப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஓர் அதிகாரி, ஒரு மேஜை, மேஜைமேல் தூசு தட்டாத ஒரு மணி. யாராவது ஒரு பொருளை முழு விலைக்கு வாங்கினால் அடிப்பதற்காக நிறுவனர் வைத்த மணி என்று மேலாளர் கிசுகிசுத்தார்.

அதிகாரி தன் வேலையைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் போலிருந்தார். டீச்சர் கேட்டாள்.

"இந்த விலையை எப்படிப் போடறீங்க?"

"ரொம்ப நேர்மையாப் போடறோம் மேடம். முதல்ல ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் வேணும்னு முடிவு பண்றோம். போன வருஷம் நாற்பது சதவீதத்துக்குச் சந்தோஷப்பட்டாங்க. இப்ப ஐம்பது இல்லேன்னா முகத்தைத் திருப்பிக்கறாங்க. சந்தோஷம் முடிவானதும், நாங்க என்ன விலைக்கு விக்கப்போறோமோ அதை எழுதறோம். ரெண்டையும் சேர்த்தா அசல் விலை தன்னால வந்துடும்."

"அப்ப தள்ளுபடி முதல்ல, விலை அப்புறம்."

"பின்ன? தள்ளுபடி எவ்வளவுன்னு தெரியாம எப்படிங்க விலை போடறது?"

டீச்சர் பத்து வருடம் அந்தக் கணக்கை நடத்தியிருக்கிறாள். ஒரு வணிகர் ஒரு பொருளின் குறித்த விலையில் இத்தனை சதவீதம் தள்ளுபடி தருகிறார், விற்ற விலை என்ன? கரும்பலகையில் எத்தனையோ வணிகர்கள் வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த அதிகாரி சொன்ன முறையில் கணக்குப் போட்டதில்லை. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் ஒருமுறை எழுந்து, குறித்த விலைக்கு யாருமே வாங்க மாட்டாங்களா டீச்சர் என்று கேட்டாள். கணக்கைப் போடு என்று அவளை உட்காரவைத்தது டீச்சருக்கு இப்போது நினைவு வந்தது. நல்ல கேள்வி.

"அடக்க விலைன்னு ஒண்ணு இருக்குமே?" என்று கேட்டாள்.

"அது எங்க பிரிவு இல்லீங்க," என்றார் அதிகாரி. "அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. ஜனங்களுக்கு அதுல ஆர்வம் இல்ல." பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார். "மொத்தத்துல, முழு விலைக்கு விக்க வழியில்லீங்க. மன்னிக்கணும். தள்ளுபடி வேணாம்னு சொல்ற உரிமை வாடிக்கையாளருக்கு இல்ல. அது உங்க நன்மைக்குத்தான்."

அப்போது மேஜைமேல் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட அதிகாரியின் முகம் வெளுத்தது. வணிகக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வந்திருக்கிறார். வியாழக்கிழமைத் தள்ளுபடி அசல்தானா என்று பார்க்க வேண்டுமாம். கரும்பச்சைக் கோட்டை இந்த விலைக்கு யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்கிறார்.

அதிகாரி போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். டீச்சரை இவ்வளவு அன்பாக அந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை.

"மேடம்," என்றார் அதிகாரி, "முழு விலைக்கு வாங்கறேன்னு சொன்னீங்களே, அந்த எண்ணம் இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு."

"ரொம்பச் சந்தோஷம். முழு விலைக்கு வாங்கறதுக்காக உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்புச் சலுகை தர்றோம். ஐம்பது சதவீதம்."

"வேண்டாம்."

"அறுபது."

"வேண்டாங்க."

"மேடம், முழு விலைக்கு வாங்கறவங்களுக்கு இதைவிட அதிகமா யாரும் குறைக்க முடியாது," என்றார் மேலாளர், கிட்டத்தட்ட அழும் குரலில்.

டீச்சர் எழுந்துகொண்டாள். "விலையைச் சொல்லியிருக்கீங்க. நான் குடுக்கறேன். இதுல யாருக்கு என்ன கஷ்டம்னு எனக்கு இன்னும் புரியல."

எல்லாரும் முதல் மாடிக்கு இறங்கினார்கள். ஆய்வாளர் அம்மா கயிற்றருகே நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடி தலைமேல். டீச்சரைப் பார்த்ததும் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"இவங்க உங்க ஆளா?"

"சத்தியமா இல்லீங்க," என்றார் மேலாளர். "அரைமணி நேரமா வேணாம்னு கெஞ்சிட்டிருக்கோம்."

"நீங்க சொல்லுங்க. வியாழக்கிழமை பாதியாகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் இன்னைக்கு வாங்கறீங்க?"

டீச்சர் யோசித்தாள். ஊரில் விட்டுவந்த கரும்பலகை, பாதி என்று குத்திய முத்திரை, மூன்று குளிர்காலம் அக்குளில் இடுக்கிய கை எல்லாம் தொண்டைவரை வந்தன. அவற்றையெல்லாம் இந்த அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உண்மையில் விடை அவ்வளவு நீளமும் இல்லை.

"எனக்கு அளவா இருக்கு. திங்கட்கிழமை வேலையில சேர்றேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இப்படி ஒரு காரணத்தை நான் எழுதினதே இல்ல," என்று ஆய்வாளர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். எழுதும்போது அவர் கோட்டின் கைக்குள்ளிருந்து மடித்த விலைச்சீட்டு ஒன்று எட்டிப்பார்த்தது. பைகள் இரண்டும் தையலோடு இருந்தன. எழுதி முடித்தவர், மேலாளரைத் தனியே அழைத்து, வியாழக்கிழமை கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

விற்பனைப் பெண் இயந்திரத்தின் முன் நின்றாள். ரொம்ப யோசித்துவிட்டுப் பரிதாபத்தை அமுக்கி, எத்தனை சதவீதம் என்ற கேள்விக்குப் பூஜ்யம் போட்டாள். பில் வந்தது. பரிதாபத் தள்ளுபடி, பூஜ்யம். நீங்கள் மிச்சம் பிடித்தது, பூஜ்யம். நாலாவது மாடியிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. தீ விபத்து என்று நினைத்து இரண்டு பேர் படியை நோக்கி ஓடினார்கள்.

கோட்டை மடித்துக் கொடுக்கும்போது அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "நான் இங்க சேர்ந்ததுலேருந்து ஒரு பொருளையும் இப்படி வித்ததே இல்ல மேடம். நிஜமாவே வியாபாரம் பண்ற மாதிரி இருக்கு." பிறகு வழக்கம்போல, "பைத்தையலைப் பிரிக்காம வெச்சுக்கங்க. அதுவரைக்கும் திருப்பிக் குடுக்கலாம்," என்றாள்.

வீட்டில் கணவன் கோட்டைப் பார்த்து, "நல்லாருக்கே," என்றான். அடுத்த மூச்சில், "எவ்வளவு குறைச்சான்?"

"குறைக்கல."

சிரித்தான். பில்லை வாங்கிப் படித்தான். சிரிப்பு நின்றது. திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது சதவீதம் இருக்குமோ என்று.

"பரிதாபம் பூஜ்யமா? உம்மேல ஒருத்தருக்குக்கூடப் பரிதாபம் வரலையா?"

"ஒருத்தருக்குக்கூட வரல," என்றாள். சொல்லும்போது அவளுக்கே அது பிடித்திருந்தது.

அவன் ஒரு நிமிடம் சோபாவின் பள்ளத்தில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. "ஒண்ணும் கெட்டுப்போயிடல. பையைப் பிரிச்சுடாத. வியாழக்கிழமை திருப்பிக் குடுத்துட்டு இதையே பாதிக்கு வாங்கிடலாம்."

பத்து நிமிடத்தில் அண்ணி போன் செய்தாள்.

"நீ முழு விலைக்கு வாங்கினதா தம்பி சொல்றான். எங்கிட்டயே கதையா?"

"நிஜமாதான் அண்ணி."

"ஏதோ கூப்பன் கிடைச்சிருக்கு உனக்கு. யாருக்கும் சொல்ல மாட்டேன், எங்கிட்ட மட்டும் சொல்லு."

"கூப்பன் எதுவும் இல்ல அண்ணி. விலை கேட்டேன், குடுத்தேன்."

"சரி, சரி. இப்ப பக்கத்துல தம்பி இருக்கான் போல. தனியா இருக்கும்போது கூப்பிடு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெரிந்தவர்கள் வரிசையாகக் கூப்பிட்டு அந்தக் கூப்பனைக் கேட்டார்கள். டீச்சர் எவ்வளவு மறுத்தாளோ அவ்வளவுக்கு அதன் சதவீதம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது எண்பதில் நின்றது.

திங்கட்கிழமை காலை நல்ல குளிர். பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் கரும்பச்சைக் கோட்டில் நின்றாள். தோள் தோளில் இருந்தது. கைகள் மட்டும் பழக்கதோஷத்தில் அக்குளுக்குப் போயின. பக்கத்தில் நம்மவர் ஒருவர் அதே மாதிரி நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் வீட்டுச் சாவியை எடுத்தாள். அதன் முனையைப் பைத்தையலுக்குள் விட்டு நெம்பினாள். நூல் பட்டென்று அறுந்தது. பக்கத்தில் நின்றவர் பதறிப்போய், "ஐயோ, அதைப் பிரிச்சா திருப்ப முடியாதுங்க," என்றார்.

"தெரியும்ங்க," என்று சொல்லிவிட்டு மற்றொரு பையையும் பிரித்தாள்.

கையை உள்ளே விட்டாள். மெத்தென்று ஆழமாக இருந்தது. அடியில் விரலுக்கு ஒரு சீட்டு அகப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். நன்றி, அடுத்த முறை வாங்கும்போது இருபது சதவீதம் தள்ளுபடி என்று அச்சடித்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதைப் படம்பிடித்து அண்ணிக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: நான்தான் அப்பவே சொன்னேனே.

சீட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பைக்காகத் தேடிவிட்டு, கோட்டின் கைக்குள் மடித்துச் செருகிக்கொண்டார்.

பேருந்து வந்தது. டிக்கெட் எடுக்கக் கையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மனசே இல்லாமல்தான் எடுத்தாள்.